எறங்காத எச்சில்

வாங்க, வாங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா கண்ணுகளா? ஊட்டுல பெரியவிய, கொழந்தைக எல்லாஞ் சொகமா? இந்த வருசம் ஆடிக்காத்து நெம்பத்தான் போடுது. தொண்டக்கட்டு, வறட்டு இருமல், மூக்கொழுகல்னு ஊட்டுக்கு ஒருத்தராச்சும் சுருண்டு படுத்திருப்பீங்க. ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சுக் குடிங்க, காதுக்குத் துணி கட்டிக்குங்க. பொறவு சாவகாசமா உக்காந்து படிங்க.

போன வாரம் எங்க உட்டோம்? சித்ராதேவி, ஊட்டுக்காரரோட பைக்கு சைடு பொட்டியத் தொறந்தா, உள்ளார கருப்பு பனியன் வேஸ்ட்டுத் துண்டுக ஒரு கத்தை. காஞ்சு மொடமொடன்னு. எச்சில் துப்பி மடிச்சு வெச்ச துண்டுக. பொட்டிய மூடிட்டு அவ பாட்டுக்கு மேல போயிட்டா. ஒரு வார்த்தை கேக்கல. கேக்காம வெச்சிருந்ததுதான் இந்த வாரம் வெடிக்குது.

புதுசா படிக்கறவிய முழிக்க வேண்டாம், சுருக்கமாச் சொல்லிப்போடறேன். சித்ராவோட ஊட்டுக்காரரு அருள்செல்வன், தறிக்காரக் குடும்பம். அப்பா காலத்துல தறி, இவரு காலத்துல பனியன். வீரபாண்டிப் பக்கம், கீழ கம்பெனி, மேல ஊடு. கம்பெனின்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க, நாலு ஓவர்லாக்கு, ரெண்டு பிளாட்லாக்குத் தையல் மிஷினு, ஒரு செக்கிங் டேபிளு, அவ்வளவுதான். செக்கிங்கு பூராச் சித்ரா. மக அனுப்ரியா பெரிய எக்ஸ்போர்ட்டு ஆபீஸுல மெர்ச்சண்டைசர்.

அருள்செல்வனோட அண்ணன் வேல்குமார் பொயலை, அதான் பொகையில, போட்டுப் போட்டு, சோத்துக் கொழாயில புத்துநோயி வந்து செத்துப் போனாரு. அப்ப இவரும் பொயலை போடற ஆளுதான். அண்ணன மயானத்துல கொண்டுபோய்ச் சேத்துன கையோட சிவன்மலைக்குப் போயி, மக தலமேல கைய வெச்சு, இனிமே தொடறதில்லைன்னு சத்தியம் பண்ணுனாரு. அந்தச் சத்தியத்த உட்டுட்டாருன்னுதான் சித்ராவுக்குச் சந்தேகம். ஆனா அந்தத் துண்டுல இருக்கறது வேற.

அன்னைக்கு அண்ணனுக்குத் தெவசம்.

அருள்செல்வனுக்கு முழிப்பு வந்ததே தொண்டையிலதான். கண்ணத் தொறக்கறதுக்கு மின்னாடியே வாய்க்குள்ள எச்சில் ஊறி நின்னுட்டிருந்துச்சு. முழுங்கிப் பாத்தாரு. தொண்டக்குழி வரைக்கும் போச்சு. அங்கயே நின்னுக்குச்சு. தாடையத் தூக்கி, கழுத்த நீட்டி இன்னொருக்கா முக்கிப் பாத்தாரு. ம்ஹும். உள்ள இருந்து யாரோ கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுக்கிட்ட மாதிரி.

சோறு எறங்குது. டீ எறங்குது. நேத்துச் சாப்புட்ட தோசை பேசாமப் போச்சு. இந்த வெறும் எச்சில் மட்டுந்தான். அதுவும் சும்மா இருக்கறப்பத்தான். வேலையில கையி ஓடிட்டிருந்தா ஒண்ணுந் தெரியாது. சிக்னல்ல வண்டிய நிறுத்துனா வந்துரும். பார்ட்டிகிட்டப் போன்ல ரேட்டுப் பேசறப்ப வந்துரும். நெனைக்கக் கூடாதுன்னு நெனச்சாப் போதும், இன்னும் ரெண்டு மடங்கு ஊறும்.

இத்தன நாளு எப்படி ஓட்டுனாருன்னா, கையில எப்பவும் ஒரு தண்ணி பாட்டல். நின்னா ஒரு வாய் தண்ணி, தண்ணியோட சேந்து எச்சிலும் போயிரும். தண்ணி இல்லாத எடத்துல கருப்புத் துண்டு. வெள்ளைத் துண்டுல துப்பலாமுல்ல? அதுல என்ன வருதுன்னு பாக்க அவருக்குப் பயம். செகப்பா ஏதாச்சும் வந்துட்டா? கருப்புல எதுவுந் தெரியாது. மடிச்சு வெச்சுட்டா முடிஞ்சுது.

ஆனா தெவசத்தன்னைக்கு அந்தத் தண்ணி பாட்டல் ஆகாது. அண்ணனுக்குப் புள்ள இல்ல, தம்பிதான் படையல் போடோணும். போடற ஆளு, காக்கா சோறு எடுக்கற வரைக்கும் பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாது. அதாவது காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் அவருக்கு முழுங்கறதுக்குன்னு இருந்தது அந்த எச்சில் ஒண்ணுதான்.

அனுப்ரியா கெளம்பி நின்னா. வெளிநாட்டுக்காரங்க ஆபீஸுக்கு வர்றாங்களாம், லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. பெரியப்பா படத்துக்குப் பூவப் போட்டுக் கும்புட்டா. கையில இன்னும் கட்டு. போன வாரம் மங்கலம் ரோட்டுல ஸ்கூட்டிய மணல்ல உட்டுச் சறுக்கி உழுந்தாளே, அந்தக் கட்டு.

அப்பா வாயே தொறக்க மாட்டீங்கறீங்களே, பெரியப்பாகிட்ட மௌன விரதமான்னு கேட்டுச் சிரிச்சா. அவரு சிரிச்சுத் தலைய ஆட்டுனாரு. வாய் நெறைய எச்சில வெச்சுக்கிட்டு என்னத்தப் பேசறது.

அவ வண்டிச் சத்தம் போன பொறவு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போயி, அதக் கீழ உட்டுட்டு, கொழாயத் தொறந்து உட்டாரு. திரும்பறாரு, சமையக்கட்டு சன்னல்ல சித்ரா. தேங்காத் துருவறதை நிறுத்திட்டுப் பாத்துட்டிருந்தா. இவரு கொழாய மூடிட்டு உள்ள வந்தாரு.

தாராபுரத்துலருந்து அண்ணி மொதப் பஸ்ஸுல வந்து எறங்குனாங்க. அனுசுயா. அண்ணன் போன பொறவு பொறந்தவரு ஊட்டோட இருக்காங்க. வருசா வருசம் தூக்குப் போசியில கச்சாயம் சுட்டு எடுத்துட்டு வருவாங்க. வேல்குமாருக்குக் கச்சாயம்னா உசுரு.

ஆனா அந்தக் கச்சாயம் வெள்ளை வெளேர்னு இருக்கும். ஊரே வெல்லம் போட்டுச் சுடற பலகாரத்துக்கு அண்ணி சக்கரை போடுவாங்க. ஏனுங்கக்கா இப்படின்னு சித்ரா ஒருக்காக் கேட்டதுக்கு, என்ற கை வெல்லந் தொடறதில்ல சித்ரான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். பொறவு யாருங் கேட்டதில்ல.

தம்பி எளச்சாப்புல இருக்கீங்கன்னாங்க அண்ணி, வந்ததும் வராததுமா. ஆடி மாசம் ஆர்டர் இல்லாட்டி யாருதான் எளைக்காம இருக்காங்கன்னு அருள்செல்வன் மழுப்புனாரு. அந்தக் கண்ணு அவரு மூஞ்சியில கொஞ்ச நேரம் நின்னுச்சு. பொறவு போசியத் தூக்கிட்டு உள்ள போச்சு.

எல போட்டாச்சு. சோறு, பருப்பு, ரசம், வாழக்காப் பொரியல், வடை, கச்சாயம். சூடங் காட்டியாச்சு. படத்துல அண்ணன் பல்லு தெரியச் சிரிச்சுட்டிருந்தாரு, பொயலக் கறை பல்லோட. எடுத்து ஒரு எலையில கொஞ்சங் கொஞ்சம் வெச்சு, அருள்செல்வன் மொட்டமாடிக்குப் போனாரு. பொறத்தாலயே சித்ராவும் அண்ணியும்.

காக்கா வரல.

காத்துன்னா காத்து. எல பறக்குது. நாலு பக்கமும் கல்லு வெச்சு அமுக்குனாரு. பக்கத்து நிட்டிங் கம்பெனிச் சத்தம் தடதடன்னு. கரண்டுக் கம்பத்து மேல ரெண்டு காக்கா உக்காந்துட்டு அந்தப் பக்கம் பாக்குது, இந்தப் பக்கம் பாக்குது, இதத் தவுத்து எல்லாத்தையும் பாக்குது.

சத்தமாக் கூப்புடுங்கன்னா சித்ரா.

அவரு வாயத் தொறந்து ரெண்டு வாட்டி கான்னாரு. மூணாவது வாட்டிக்குத் தொண்டை சாத்திக்குச்சு. மேல எச்சில், கீழ கதவு. மூச்சு அந்த எச்சில உள்ள இழுத்துருச்சு. பொறையேறி, கண்ணு பிதுங்கி, கைப்பிடிச் சொவத்தப் புடிச்சுட்டு இருமுனாரு பாருங்க, கம்பத்துல இருந்த காக்காக எழுந்து பறந்தே போயிருச்சு. அடக்க முடியல. சொவத்துக்கு அந்தப் பக்கமா எட்டித் துப்புனாரு. அண்ணன் எலைக்கு ஒரு மொழந் தள்ளி.

இருமல் நின்னுச்சு. சட்டக் கையில வாயத் தொடச்சுட்டு நிமுந்தாரு.

சித்ரா பக்கத்துல வந்து நின்னுருந்தா. கொரலு ஒசரவே இல்ல.

"இன்னைக்குமாங்க?"

அவருக்கு மொதல்லப் புரியல. அவ அண்ணன் எலையப் பாத்தா, இவரு வாயப் பாத்தா. புரிஞ்சுது. பொயலைன்னு நெனச்சுட்டிருக்கா.

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா இல்லைன்னா, அப்பறம் என்னன்னு கேப்பா. அந்த என்னவத்தான் அவரு பொண்டாட்டிகிட்டச் சொல்லாம, மககிட்டச் சொல்லாம, தனக்குத்தானே சொல்லிக்காம வெச்சிருந்தாரு. ஒருக்கா போன்ல தட்டிப் பாத்தாரு. புண்ணுல ஆரம்பிச்சு அண்ணன் சீக்கு வரைக்கும் வரிசையா வந்துச்சு. படக்குனு அமத்தி வெச்சாரு. பொயலைன்னா திட்டுவா, நாலு நாளு பேச மாட்டா. அதத் தாங்கிக்கலாம்.

"ஆமா"ன்னாரு.

அண்ணி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. சேலைத் தலப்பு வாய்க்குப் போச்சு.

"எப்பலருந்து?"

"கொஞ்ச நாளாத்தான்."

கீழ வேல செய்யற ஒடிசாக்காரங்க வாயில அதக்கிட்டு நிக்கறதப் பாத்து நானுஞ் சந்தேகப்பட்டுட்டுத்தான் இருந்தேன், நம்ம ஊட்டுக்காரருக்கும் வாங்கிக் குடுக்கறாங்களான்னு, ஆனா நம்பலைன்னா சித்ரா. பொட்டியில அத்தனத் துண்டப் பாத்தும் நம்பலையாம். சாமி மலையில, புள்ள தலமேல வெச்ச கையாச்சேன்னு நெனச்சுக்கிட்டாளாம். சொல்லச் சொல்ல அவ மூஞ்சி மாறுச்சு. கோவம் போயி வேற என்னமோ வந்துச்சு.

"அப்ப அனு உழுந்தது..."

முடிக்கல. விறுவிறுன்னு படியெறங்கிட்டா.

அருள்செல்வனுக்கு அப்பத்தான் ஒறச்சுது. கேள்விக்குப் பயந்து சொன்ன ஒத்தை ஆமா, புள்ள தலமேல போயி உக்காந்துக்குச்சு. இனி அனு வண்டி எடுக்கறப்ப எல்லாஞ் சித்ரா வயித்தப் புடிச்சுட்டு நிப்பா. புள்ளைக்கு ஒரு காச்சல் வந்தாக்கூட இவரு மூஞ்சியத்தான் பாப்பா. பொய்யி சின்னதுன்னு நெனச்சாரு. அது சின்னது இல்ல.

எலைய அப்படியே உட்டுட்டுப் பொறத்தாலயே எறங்குனாரு. ஊட்டுல அவ இல்ல. சமையக்கட்டுல இல்ல, அனு ரூம்புல இல்ல. கீழ கம்பெனிக் கதவு தொறந்திருந்துச்சு.

லீவு நாளு கம்பெனி எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? மிஷினுக்கு எல்லாம் துணி போத்தி, நூல் கோனுக அசையாம. ஃபேன் ஓடாததால பஞ்சு பூரா அங்கங்க அடங்கிக் கெடக்கும். செக்கிங் டேபிளு மேல மட்டும் ட்யூப்லைட்டு எரிஞ்சுது. சித்ரா நின்னுட்டிருந்தா. அவளுக்கு முன்னால அந்தக் கருப்புத் துண்டுக.

அவ என்ன பண்ணுனா தெரியுமா? பழக்கம். ரெண்டு வருசத்துக்கு மின்னாடி கருப்பு பனியனுக்குக் கழுத்துல வெள்ளை ரிப்புப் பட்டை வெச்சுத் தெச்ச ஒரு லாட்டுச் சரக்கு, சாயம் எறங்கி மொத்தமுந் திரும்பி வந்துருச்சு. அதுலருந்து கருப்புத் துணி உள்ள வந்தா, வெள்ளை பனியன் துணிய நனச்சு, அதுமேல அமுத்தித் தேச்சுப் பாக்காம அவ கட்டிங்குக்கு உட மாட்டா. கோவமோ அழுகையோ, அவளுக்குக் கையி அங்கதான் போகும்.

இப்பவும் அதேதான். வெள்ளைத் துண்ட நனச்சா. மொடமொடத்த கருப்புத் துண்டு மேல வெச்சுக் கட்டவெரலால அமுத்தித் தேச்சா. பொரட்டிப் பாத்தா. இன்னொரு துண்டு. இன்னொண்ணு. மோந்தும் பாத்தா.

அருள்செல்வன் கதவோரம் நின்னாரு. வாயில எச்சில் ஊறிட்டே இருந்துச்சு.

பொயலைன்னா காவி ஏறும். தறிக்காரக் குடும்பத்துல வாக்கப்பட்டவளுக்கு அந்தக் கறையத் தெரியாதா? மாமனாரு துண்டு, மச்சாண்டாரு துண்டு, ஊட்டுக்காரரு துண்டுன்னு தொவச்சுத் தொவச்சுக் கை தேஞ்சவ. இங்க வெள்ளைத் துணி வெள்ளையாவே இருந்துச்சு.

தல நிமுராமலே கேட்டா. "இதுல ஒண்ணுமே ஏறலீங்களே."

வெள்ளைத் துணிய அவரு பக்கம் திருப்பிக் காட்டுனா.

"அப்பறம் எதைங்க துப்பறீங்க?"

"எச்சில."

சொன்னதும் பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. பொறவு ஒண்ணொண்ணா வந்துச்சு. எச்சில் எறங்க மாட்டீங்குது. சோறு எறங்குது, தண்ணி எறங்குது, இது மட்டும் நின்னுக்குது. பங்குனிக் கடைசியிலருந்து. ராத்திரி மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டிச் செத்துருவேனோன்னு ஒருக்களிச்சே படுக்கறது. பொயலையத் தொடல, சத்தியமாத் தொடல, புள்ள தலைய உட்டுரு சித்ரான்னு சொல்றப்ப மட்டும் கொரலு ஒடஞ்சுது.

சித்ரா கேட்டுட்டே நின்னா. நனஞ்ச துணி கையிலயே இருந்துச்சு. இத்தன நாளா ஏன் சொல்லலைன்னு அவ கேக்கல. சொல்லாததுக்குக் காரணம் மேல ஊட்டுல, போட்ட எலைக்கு முன்னால, அண்ணன் படமாச் சிரிச்சுட்டு இருக்குது. அவ கேட்டது ஒண்ணுதான், இத்தன நாளா வைத்தியமே பாக்கலையாங்கறது.

பாக்காம என்ன, நூல் பஞ்சுதான் அடச்சிருக்குதுன்னு நெனச்சேன்னாரு.

இந்த ஊருல தொண்டையில எது வந்தாலும் அதுக்குப் பேரு பஞ்சுதானே. மில்லுக்காரங்க, தறிக்காரங்க, பனியன்காரங்க, எல்லாருக்கும் ஒரே வைத்தியம். வெல்லத்த வாயில அதக்கிக்கோ, பஞ்சு கீழ எறங்கிரும். மாஸ்க்கு போட மாட்டோம், வெல்லம் மட்டும் மறக்க மாட்டோம். அருள்செல்வனும் அதேதான் பண்ணிட்டிருந்தாரு. ஓவர்லாக்கு டேபிளு டிராயர இழுத்து, சின்ன எவர்சில்வர் டப்பாவ எடுத்துத் தொறந்து காட்டுனாரு. அச்சு வெல்லம். பாதி தீந்திருந்துச்சு.

வாசல்ல ஒரு சத்தம். அண்ணி.

எல ஆறிப்போகுதுன்னு கூப்புட வந்தவிய. எவ்வளவு நேரமா நிக்கறாங்களோ. சொவத்தப் புடிச்சுட்டே உள்ள வந்து, தம்பி கையிலருந்து அந்த டப்பாவ வாங்குனாங்க. வெல்லந் தொடாத கையி. உள்ள இருக்கற வெல்லத்தையே பாத்துட்டு நின்னாங்க.

"உங்க அண்ணனும் பஞ்சுன்னுதான் சொன்னாரு, தம்பி. நான் உருட்டி உருட்டிக் குடுத்தேன். அவரும் சாப்புட்டுட்டே இருந்தாரு. ஒரு வருசம்."

அந்த ஒரு வருசம் முடிஞ்சு டாக்டருகிட்டப் போனப்ப என்ன ஆச்சுன்னு அங்க மூணு பேருக்குந் தெரியும். அண்ணி ஏன் சக்கரை போட்டுக் கச்சாயம் சுடறாங்கன்னு மட்டும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

டப்பாவ மூடி இடுப்புல சொருகிக்கிட்டாங்க. எந்திரிங்க, டாக்டருகிட்டப் போலாம்னாங்க. அருள்செல்வன், படையல் அப்படியே இருக்குது, காக்கா இன்னும் எடுக்கலையே அண்ணின்னு இழுத்தாரு.

"உங்க அண்ணன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. மொதல்லத் தண்ணியக் குடிங்க."

சித்ரா தண்ணி பாட்டல நீட்டுனா. குடிச்சாரு. எச்சிலுஞ் சேந்து எறங்குச்சு. எறங்கறப்ப ரெண்டு பொம்பளைகளும் அவரு கழுத்தையே பாத்துட்டு நின்னாங்க.

காது மூக்கு தொண்டைக்குப் பாக்கற டாக்டரம்மா சாங்காலம் நாலு மணிக்குத்தான் உக்காருவாங்க. மூணு மணிக்கே போயி உக்காந்தாச்சு. அண்ணி உள்ள வர மாட்டேன்னுட்டாங்க. இந்த மாதிரி ரூம்புக்குள்ள இன்னொருக்கா உக்கார முடியாது சித்ரா, நீ போன்னு வெளிய மரத்தடியில நின்னுக்கிட்டாங்க. இடுப்புல டப்பா இன்னும் இருந்துச்சு.

டாக்டரம்மா பொறுமையாக் கேட்டாங்க. சோறு நிக்குதா, எடை கொறஞ்சுதா, ரத்தங் கித்தம் வந்துதா, நெஞ்செரிச்சல் உண்டா. ரத்தம் வந்துதான்னு கேட்டப்ப அருள்செல்வன் முழிச்சாரு. தெரியாதுங்க, நான் பாக்கலைன்னாரு. பாக்கலையான்னு டாக்டரம்மா நிமுந்தாங்க. கருப்புத் துணியில துப்பிட்டிருந்தாருங்கன்னு சித்ராதான் சொன்னா.

அண்ணன் கதையுஞ் சொன்னாங்க, பழைய பொயலையுஞ் சொன்னாங்க. டாக்டரம்மா குறிச்சுக்கிட்டு, மூக்குல மரத்துப்போற மருந்த அடிச்சு, ஒல்லியா ஒரு கொழாய மூக்கு வழியா உள்ள உட்டாங்க. பக்கத்து டீவியில அவரு தொண்டை தெரிஞ்சுது. செவசெவன்னு, ஈரமா, பளபளன்னு. அருள்செல்வன் கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. சித்ரா கண்ணச் சிமிட்டாமப் பாத்தா. பீஸுல ஓட்டை தேடறப்ப பாப்பாளே, அந்தப் பார்வை.

எச்சில முழுங்குங்கன்னாங்க டாக்டரம்மா.

அதுதாம்மா எறங்க மாட்டீங்குதுன்னு அவரு கையாலயே காட்டுனாரு.

சித்ரா அவரு தோளுல கைய வெச்சா. முழுங்குங்க, நான் பாத்துட்டிருக்கேன்னா. அவரு முக்குனாரு. ஒரு வாட்டி வரல. ரெண்டாவது வாட்டி டீவியில அந்தச் செவப்பு மொத்தமும் ஒண்ணாச் சுருங்கி, மூடி, தொறந்துச்சு.

எறங்கிருச்சு பாத்தீங்களான்னாங்க டாக்டரம்மா.

கொழாய எடுத்துட்டு நிதானமாச் சொன்னாங்க. நான் பாத்த வரைக்கும் மேல சுத்தமா இருக்குது. கொஞ்சம் செவந்திருக்குது, அவ்வளவுதான். வயித்துப் புளிப்பு மேல ஏறுனாலும் இப்படித் தோணும். பயம் புடிச்சு தொண்டை இறுகுனாலும் தோணும். சோறு எறங்குதுங்கறது நல்லதுதான். ஆனா இந்தக் கொழாயி அதுக்குக் கீழ போகாது. உங்க அண்ணனுக்கு வந்த எடம் இன்னுங் கீழ. பழைய பழக்கமும் இருக்குது, எளச்சும் இருக்கீங்க. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க, பெரிய கொழாய் உட்டு வயிறு வரைக்கும் பாத்துருவாங்க. பாக்காம நான் எந்தப் பேருஞ் சொல்ல மாட்டேன்.

நாளைக்கும் வெறும் வயிறு. நாளைக்கும் அந்த எச்சிலோட ஒரு காலை. அருள்செல்வன் சரீன்னு தலைய ஆட்டுனாரு.

வெளிய வந்ததும் அண்ணி சித்ரா மூஞ்சியப் பாத்தாங்க. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்கக்கான்னா சித்ரா. அண்ணி, அப்ப நான் இன்னைக்கு ஊருக்குப் போகலைன்னு மட்டுஞ் சொன்னாங்க.

அப்பப் பாத்து அனுகிட்டருந்து போனு. ஆபீஸுலருந்து கெளம்பறாளாம். காக்கா சோறு எடுத்துச்சாம்மான்னு கேட்டா. மாடியில எல என்ன ஆச்சுன்னே யாருக்குந் தெரியாது. காக்கா எடுத்துச்சோ, காத்து எடுத்துச்சோ. ஊட்டுக்கு வா கண்ணு, பேசிக்கலாம்னா. வண்டிய மெதுவா ஓட்டுன்னு சொல்ல வாயெடுத்தவ, அதச் சொல்லல. போன வெச்சுட்டா.

பைக்குகிட்டப் போனாங்க. அருள்செல்வன் வாயில மறுபடியும் ஊறியிருந்துச்சு. பழக்கத்துல கையி சைடு பொட்டியத் தொறந்துச்சு. பொட்டி காலி. ஒரு கருப்புத் துண்டு இல்ல.

சித்ரா பையத் தொறந்தா. உள்ள வெள்ளை பனியன் துணி, சதுரஞ் சதுரமா வெட்டி, மடிச்சு, ரப்பர் பேண்டு போட்ட கத்தை. எப்ப வெட்டுனான்னு தெரியல. ஒண்ண உருவி அவரு கையில வெச்சா.

"இனிமே இதுல துப்புங்க. என்ன வருதுன்னு எனக்குத் தெரியோணும்."

அவரு வாங்கிக்கிட்டாரு. துப்பி, மூடாம, விரிச்சே அவகிட்ட நீட்டுனாரு. ரெண்டு பேருங் குனிஞ்சு பாத்தாங்க.

வெள்ளையாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு.

சரிங்க கண்ணுகளா, இனி நீங்க சொல்லுங்க. உங்களுக்கோ உங்க ஊட்டுல யாருக்காச்சுமோ இந்த மாதிரி எச்சில் எறங்காம நின்னுருக்குதா? பஞ்சு, சூடு, கண்ணுபட்டதுன்னு எதச் சொல்லி நாளக் கடத்துனீங்க? யாருகிட்ட மொதல்ல வாயத் தொறந்தீங்க, யாருகிட்ட மறச்சீங்க? டாக்டருகிட்டப் போனப்ப கடைசியில அது என்னவா இருந்துச்சு? பயந்த கதையாச் சொல்லுங்க, சிரிச்ச கதையாச் சொல்லுங்க, எதா இருந்தாலும் எழுதிப் போடுங்க. அருள்செல்வன் நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட அங்க உக்காந்திருக்கறப்ப, சித்ராவுக்குப் பக்கத்துல நாலு பேரு பேச்சு இருந்தா நல்லதுதானே.